நில்லுடா, நானும் வர்றேன்



‘அடுத்த இதழில் பழைய வீடியோ கேம்கள் பற்றிய சிறப்புப் பகுதி’ என்று அறிவித்ததும் இரண்டு விதமான கடிதங்கள் வந்தன. ஒரு சாரார் மரியோ, கான்ட்ரா, டக் ஹன்ட் என்று தாங்கள் ஆடியவற்றின் பெயரை மட்டும் எழுதி, ஆச்சரியக்குறிகளை வாரி இறைத்திருந்தார்கள். இன்னொரு சாரார், விலைவாசியும் தேர்தலும் பேச வேண்டிய பத்திரிகைக்கு இந்தச் சின்னப்பிள்ளைத்தனம் எதற்கு என்று கடிந்துகொண்டார்கள். ஒருவர் மட்டும், “எப்படியும் அதற்குள்ளேயும் அரசியலைக் கொண்டுவந்துவிடுவீர்கள்” என்று முன்கூட்டியே அலுத்துக்கொண்டிருந்தார். நம்மை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார். கொண்டுவரத்தான் போகிறேன்.

தெருக்குழாயில் யார் குடம் முன்னால் நிற்பது? பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுப் பிடித்த இடம் செல்லுமா, செல்லாதா? மாடிப்படியை இந்த வாரம் யார் பெருக்குவது? இவற்றுக்கெல்லாம் அரசாணை கிடையாது. காவல் நிலையத்துக்கும் யாரும் போவதில்லை. பேசியும் முறைத்தும் விட்டுக்கொடுத்தும் ஜனங்களே ஒரு முறையை உண்டாக்கிக்கொள்கிறார்கள். மேலிருந்து ஒருவர் அதட்டாமலேயே மனிதர்களால் சேர்ந்து வாழ முடியும் என்று நம்புகிற அனார்க்கிஸ்டுகளுக்கு இதுதான் அரசியலின் அரிச்சுவடி. அவர்களில் எனக்கு நெருக்கமானவர் இங்கிலாந்துக்காரரான காலின் வார்ட் (1924–2010). நெருக்கத்துக்கு முதல் காரணம், அவரும் ஒரு பத்திரிகை ஆசிரியர். 1961 முதல் 1970 வரை ‘அனார்க்கி’ என்ற மாத இதழை நடத்தினார். மொத்தம் 118 இதழ்கள். வெடிகுண்டும் கறுப்புக்கொடியும் என்று பெயர் வாங்கிவைத்திருந்த ஒரு கொள்கைக்காரர், தன் பக்கங்களில் பெரும்பாலும் எதைப் பற்றி எழுதினார், எழுதவைத்தார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். வாடகை வீடு, பள்ளிக்கூடம், காய்கறித் தோட்டம், குழந்தைகளின் விளையாட்டு!

குழந்தைகள் விளையாட்டில் அவரை ஈர்த்தது டென்மார்க்கில் தொடங்கிய ஒரு சங்கதி. நகரசபை பணம் போட்டுக் கட்டிய ஊஞ்சல், சறுக்குமரத்தையெல்லாம் விட்டுவிட்டு, கட்டடம் எழும்பும் இடங்களில் கிடக்கும் பலகைகளையும் செங்கல்லையும் வைத்துக் குழந்தைகள் விளையாடுவதை சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளர் கவனித்திருந்தார். 1943-இல், நாடு ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்த நேரத்தில், கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் எம்ட்ரப் என்ற இடத்தில் அப்படி ஒரு குப்பைமேட்டு விளையாட்டுத் திடலைத் தொடங்கினார்கள். ஆணி, சுத்தியல், பழைய மரம், மண். குழந்தைகள் குடில் கட்டினார்கள், இடித்தார்கள், மறுபடி கட்டினார்கள். போருக்குப் பிறகு இந்த யோசனை இங்கிலாந்துக்கும் போனது. முதலில் சண்டை வரும், சுத்தியலைப் பிடுங்குவார்கள், பிறகு பொருள்களைப் பங்கிட்டுக்கொள்ள அவர்களே வழி கண்டுபிடிப்பார்கள் என்பதை வார்ட் பெரிய ஆதாரமாக எடுத்துக்கொண்டார். நாளைய சமூகம் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்கு இந்தத் திடலைக் காட்டினார்.

அவர் மட்டும் தொண்ணூறுகளில் நம் ஊர்ப் பக்கம் வந்து, ஒரு டிவி கேம் கடைக்குள் எட்டிப் பார்த்திருந்தால் 119-ஆவது இதழும் வந்திருக்கும் என்று எனக்கு ஒரு நப்பாசை.

இன்றைய இளம் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஜப்பானில் 1983-இல் நின்டெண்டோ ‘ஃபேமிகாம்’ என்ற பெட்டியை வெளியிட்டது. நம் ஊர்க் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வந்தவை பெரும்பாலும் அதன் நகல்கள். வெவ்வேறு பெயரில், வெவ்வேறு நிறத்தில், உள்ளே ஒரே சரக்கு. விளையாட்டு இருக்கும் பிளாஸ்டிக் துண்டை நாம் ‘கேசட்’ என்றோம். மேலே ‘99999 இன் 1’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய விளையாட்டுகள்தான். அவற்றையே இரண்டாம் கட்டத்திலிருந்து, ஐந்தாம் கட்டத்திலிருந்து, கூடுதல் உயிரோடு என்று மாற்றி மாற்றிப் பட்டியல் போட்டிருப்பார்கள்.

இந்த இதழுக்காக அப்படி ஒரு கேசட்டை எங்கள் அலுவலக மேசையில் வைத்துப் பிரித்தோம். ஓட்டின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத சிறிய பச்சைத் தகடு. நடுவில், உருகிய தார் சொட்டி இறுகியது மாதிரி ஒரு கறுப்புக் குமிழ். சிப் அதற்கடியில். கீழ்விளிம்பில் பக்கத்துக்கு முப்பதாக அறுபது செப்புப் பட்டைகள். கேசட் ஓடாதபோது நாம் வாயை வைத்து ஊதுவோமே, அது இந்தப் பட்டைகளைத்தான். உலகம் முழுக்கப் பிள்ளைகள் ஊதியிருக்கிறார்கள். உண்மையில் ஊதலால் ஒன்றும் ஆகவில்லை. கழற்றித் திரும்பச் செருகும்போது பட்டை சரியாக உட்கார்ந்துவிடும், அவ்வளவுதான். மூச்சின் ஈரம் பட்டையை அரித்துக் கெடுக்கும் என்பதுதான் நிஜம். நின்டெண்டோவே ஊத வேண்டாம் என்று எச்சரித்திருந்தது. எங்கள் உதவி ஆசிரியர் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துச் செருகினார். கான்ட்ரா வந்தது. அன்றைக்கு மதியம் அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை.

கடைக்கு வருவோம். மணிக்கணக்கில் வாடகை. நாலு பேர் சில்லறை சேர்த்துத்தான் ஒரு மணி நேரம் வாங்க முடியும். ஜாய்ஸ்டிக் இரண்டு. ஆட ஆசைப்படுகிற கை எட்டு. கடைக்காரர் காசை வாங்கிப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார். உள்ளே எல்லாம் பிள்ளைகளின் ராஜ்ஜியம். ஒரு லைஃப் போனால் கை மாற வேண்டும். பெரிய எதிரியான பாஸ் வந்தால், நன்றாக ஆடுகிறவனிடம் கொடுத்துவிட வேண்டும். ஆனால் பாஸ் செத்ததும் அவன் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். புதிதாக வந்தவனுக்கு முதல் கட்டம், ஏனென்றால் அங்கேதான் பழக முடியும். காசு போடாத தம்பிக்கு வயர் செருகாத ஜாய்ஸ்டிக். (அந்தத் தம்பிகள் இன்று நாற்பதை நெருங்குகிறார்கள். காயம் ஆறவில்லை என்பது கடிதங்களில் தெரிகிறது.) இந்தச் சட்டங்களை யார் எழுதினார்கள்? ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், அவ்வளவே. மீறினால் தண்டனையும் உண்டு: நாளைக்கு உன்னைக் காசில் சேர்க்க மாட்டோம்.

கான்ட்ராவின் மூன்றாம் கட்டம் அருவி. முதல் கட்டத்தில் பக்கவாட்டில் ஓடிய ஆட்டம் இங்கே செங்குத்தாக மாறும். பாறைக்குப் பாறை தாவி மேலே ஏற வேண்டும். இருவர் ஆடும்போது இதில் ஒரு விஷயம் உண்டு. முன்னே ஏறுகிறவன் உயரத் தாவினால் திரை அவனோடு மேலே நகரும். கீழே நிற்கிறவன் திரையின் அடிவிளிம்புக்குள் போய் உயிரை விட வேண்டியதுதான். எதிரி சுடவில்லை. குண்டு படவில்லை. கூட்டாளி வேகமாக முன்னேறினான், அதனாலேயே இவன் செத்தான். “நில்லுடா, நானும் வர்றேன்” என்ற கத்தலை அந்தக் கட்டத்தில் கேட்காத கடையே இருந்திருக்காது. ஒருவன் ஏறி, நின்று, மற்றவனுக்குக் காத்திருந்து, பிறகு இருவரும் அடுத்த பாறை. இதைப் புரிந்துகொண்ட ஜோடிதான் நாலாம் கட்டம் பார்த்தது. ரஷ்ய அனார்க்கிஸ்ட் க்ரோபோட்கின் சைபீரியாவின் பனியில் விலங்குகள் ஒன்றையொன்று தாங்கிப் பிழைப்பதைப் பார்த்துவிட்டு வந்து, போட்டி மட்டுமே பரிணாமத்தின் விதி என்றவர்களுக்குப் பதிலாக 1902-இல் ‘பரஸ்பர உதவி’ என்ற நூலை வெளியிட்டார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த அருவி நினைவுக்கு வந்துவிடுகிறது. பெரியவர் மன்னிக்கட்டும்.

அதே கான்ட்ராவில் முப்பது உயிர் தரும் ரகசிய வரிசை ஒன்று இருந்தது: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ, ‘கிரேடியஸ்’ என்ற வேறொரு விளையாட்டை ஃபேமிகாமுக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்ப்பதற்குள் தானே செத்துச் செத்துப் போனதால் தனக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. எடுக்காமலேயே 1986-இல் வெளியாகிவிட்டது. பிற்பாடு அந்த நிறுவனத்தின் பல விளையாட்டுகளில் அதுவே வழக்கமானது. அவர் 2020-இல் காலமானார். செய்தித்தாளிலோ பாடப்புத்தகத்திலோ வராத இந்த வரிசை, இணையம் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. விடுமுறைக்கு வந்த மாமா பையன் சொன்னான். யாரும் அதை விற்கவில்லை. இருவர் ஆடுவதென்றால் ஸ்டார்ட்டுக்கு முன் செலக்ட் அழுத்த வேண்டும் என்ற பின்குறிப்பு உட்பட எல்லாம் இனாம்.

இதைச் சொல்லிவிட்டு அந்தக் கடையைச் சொர்க்கமாக்கிவிட எனக்கு மனமில்லை. அங்கே பெண் பிள்ளைகள் அநேகமாகக் கிடையாது. காசில்லாதவன் வேடிக்கை பார்த்தான். கடையைவிட மோசம், பெட்டி வைத்திருந்த பையனின் வீடு. அவன் வைத்ததுதான் சட்டம். தோற்றால் ‘ரீசெட்’ பொத்தானை அழுத்துவான், யாரும் கேட்க முடியாது. அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். தலைவர் வேண்டாம், விதி வேண்டாம் என்று தொடங்கிய பெண்கள் குழுக்களில், அறிவிக்கப்படாத தலைவிகள் எப்படி முளைத்தார்கள் என்பதே விஷயம். அறிவிக்கப்படாததால் அவர்களை நீக்கவும் வழியில்லை. அனார்க்கிசத்தில் மயங்குகிறவர்கள் வார்டைப் படித்த கையோடு ஃப்ரீமனையும் படித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ‘நமக்குள்ள என்னப்பா விதி’ என்று பேசுகிற நட்புவட்டத்தில் பெரும்பாலும் ஒருவர் வீட்டில்தான் பெட்டி இருக்கிறது.

பெட்டியின் மறுபக்கம், அதாவது விளையாட்டைச் செய்தவர்களின் பக்கம், இதைவிடச் சுவையானது.

1970-களின் கடைசியில் அமெரிக்காவின் அடாரி நிறுவனத்தில் ஒரு விளையாட்டை ஒரே ஆள் உட்கார்ந்து செய்வார். கற்பனை, வரைதல், ஒலி, நிரல் எல்லாம் அவரே. ஆனால் பெட்டியில் அவர் பெயர் வராது. விற்பனையில் பங்கும் இல்லை. அங்கே வேலை பார்த்த வாரன் ராபினெட், ‘அட்வென்ச்சர்’ என்ற விளையாட்டை 4 கிலோபைட்டுக்குள் செய்தார். இன்று நாம் அலைபேசியில் அனுப்பும் ஒரு புகைப்படத்தில் அதுபோல் நூறு விளையாட்டுகளைத் திணிக்கலாம். அது 10 லட்சம் பிரதி விற்றது. ராபினெட் முதலாளிக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்திருந்தார். இருண்ட சுரங்கப் பாதையின் ஓர் அறையில் ஒற்றைச் சாம்பல்நிறப் புள்ளி. பின்னணியும் சாம்பல், ஆகவே கண்ணில் படாது. அதைத் தற்செயலாகத் தொட்டு, எடுத்துக்கொண்டு குறிப்பிட்ட இடத்துக்குப் போனால் சுவர் வழிவிடும். உள்ளே வெற்று அறை. திரையின் நடுவில் மேலிருந்து கீழாக, நிறம் மாறி மாறி மின்னும் எழுத்தில், இதைச் செய்தவர் வாரன் ராபினெட் என்று இருக்கும். 1980-இல் சால்ட் லேக் சிட்டியில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்கே கடிதம் எழுதினான். அதற்குள் ராபினெட் வேலையை விட்டுப் போயிருந்தார். சிப்பை மாற்றி வார்ப்பது செலவு என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். இன்று விளையாட்டுகளிலும் படங்களிலும் ரசிகர்கள் தேடித் திரியும் ‘ஈஸ்டர் எக்’ என்ற பெயர் பரவியது இங்கிருந்துதான்.

அதே நிறுவனத்தில் டேவிட் கிரேன், லாரி கப்லன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் என்ற நால்வர் இருந்தார்கள். எந்த விளையாட்டு எவ்வளவு விற்றது என்ற பட்டியல் கைக்கு வந்தபோது, தாங்கள் செய்தவைதான் விற்பனையில் பாதிக்கும் மேல் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். துணித் துறையிலிருந்து வந்திருந்த தலைமை நிர்வாகி ரே கசாரிடம் போனார்கள். கேசட்டைக் கோத்து முடுக்குகிற தொழிலாளியைவிட நீங்கள் ஒன்றும் முக்கியமில்லை என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் இந்த இடத்தில் கசாரைத் திட்டுவார்கள். எனக்கு அதில் ஒரு சங்கடம். அந்தத் தொழிலாளி இல்லாமல் கேசட் இல்லை என்பது நிஜம்தானே? கசார் சொன்ன சமத்துவத்தில் கோளாறு என்னவென்றால், இருவருக்கும் ஒன்றுமில்லை என்கிற சமத்துவம் அது.

நால்வரும் வெளியேறி 1979-இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். செய்தவர் பெயரைப் பெட்டியிலேயே அச்சிட்டார்கள். கதை இங்கே முடிந்திருந்தால் நம் சினிமாவுக்கு ஆகும். முடியவில்லை. கைமாறி, இணைந்து, பெருத்து, அது உலகின் மிகப் பெரிய விளையாட்டு நிறுவனங்களில் ஒன்றானது. 2021-இல் பெண் ஊழியர்கள் மீதான பாகுபாடு, துன்புறுத்தல் தொடர்பாக கலிஃபோர்னியா மாநிலமே அதன்மேல் வழக்குப் போட்டது. அதே ஆண்டு டிசம்பரில், அதன் கீழிருந்த ரேவன் என்ற கிளையில், விளையாட்டுகளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் ஊழியர்கள், சகாக்களை நீக்கியதற்காக வேலையை நிறுத்தினார்கள். 2022 மே மாதம் 19-க்கு 3 என்று வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள். அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷன் நிறுவனத்தை ஏறத்தாழ 6,900 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. முதலாளி மதிக்கவில்லை என்று வெளியேறியவர்கள் எழுப்பிய வீட்டில், நாற்பது ஆண்டு கழித்து இன்னொரு தலைமுறை அதே கதவைத் தட்டிக்கொண்டு நின்றது.

நாற்காலியில் உட்காருகிற ஆளை மாற்றினால் போதாது, நாற்காலியையே கேள்வி கேள் என்று அனார்க்கிஸ்டுகள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். இதை நெஞ்சு நோக அனுபவித்த ஒருவர் நம் சென்னைக்காரர். 1887-இல் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா. பாரதியின் ‘இந்தியா’ இதழோடு தொடர்புடையவர், ஆகவே எங்கள் தொழில்காரர் என்றே சொந்தம் கொண்டாடுவேன். ஆங்கில அரசிடமிருந்து தப்பி ஐரோப்பா போனார். 1920-இல் தாஷ்கண்டில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் அவரும் உண்டு. விரைவிலேயே சக நிறுவனர் எம்.என். ராயோடு மோதல். வெளியே தள்ளப்பட்டு பெர்லின் போய்ச் சேர்ந்து அனார்க்கிஸ்ட் ஆனார். 1935-இல் பம்பாய் திரும்பி, வறுமையில் இருந்துகொண்டே உலகத்தின் குட்டிக் குட்டி அனார்க்கிஸ்ட் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1954-இல் அங்கேயே மறைந்தார். அவருடைய கட்டுரைகள் 2019-இல்தான் ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பாக வந்தன. தமிழில் அவரைப் பற்றி இந்தப் பத்திரிகை ஒரு முழுக் கட்டுரை போட வேண்டும். எழுதத் தகுந்தவர்கள் தொடர்புகொள்ளுங்கள்.

பழைய விளையாட்டுகள் இன்றைக்கு எப்படி உயிரோடு இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். விற்றவர்கள் காப்பாற்றவில்லை. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைக்காது என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னது. காப்காம் நிறுவனம் தொண்ணூறுகளில் விளையாட்டுக் கூடங்களுக்கு விற்ற மின்சுற்றுப் பலகைகளில் ஒரு பேட்டரி இருந்தது. நகலெடுப்பவர்களுக்குப் பயந்து, விளையாட்டைத் திறக்கும் சாவியை பேட்டரியின் தயவில் வாழும் நினைவகத்தில் வைத்திருந்தார்கள். பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும், பலகை செத்துவிடும். ரசிகர்கள் அதற்கு வைத்த பெயர் தற்கொலை பேட்டரி. 2001-இல் அந்தப் பூட்டை உடைத்ததும் சம்பளம் வாங்காத ரசிகர்கள்தான். செத்த பலகைகளை எழுப்பியவர்களும் அவர்களே. இத்தாலிக்காரர் நிகோலா சல்மோரியா 1997-இல் முதலில் வெளியிட்ட ‘மேம்’ என்ற மென்பொருள், ஆயிரக்கணக்கான பழைய விளையாட்டுக் கூட இயந்திரங்களை இன்றைய கணினியில் ஓட வைக்கிறது. எத்தனையோ பேர் ஓய்வுநேரத்தில் கூடிச் செய்த வேலை. சட்டத்தின் கண்ணில் இதில் ஒரு பகுதி குற்றம். நம் ஊர் நகல் பெட்டிகளும் அப்படித்தான். அவை இல்லாவிட்டால் நம்மில் பலர் மரியோவைப் பார்த்தே இருக்க மாட்டோம். திருட்டை நான் நியாயப்படுத்துவதாக ஒரு கடிதம் வரும், தெரியும். செய்தவருக்குப் பணம் போகவில்லை என்பதே வாதமென்றால், அசல் கேசட் விற்றபோதும் ராபினெட்டுக்குப் போகவில்லை என்பதைச் சேர்த்தே பேசுவோம்.

இப்போதைய விளையாட்டுகளின் கதி இன்னும் மோசம். யுபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் அன்றோடு ஆட்டம் முடிந்தது. ராஸ் ஸ்காட் என்பவர் இதை எதிர்த்துத் தொடங்கிய இயக்கத்துக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் மனுவில் 2025 ஜூலையில் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. அரசே வேண்டாம் என்கிற தோழர்கள் அரசிடம் மனுப் போடுவதா என்று முகம் சுளிக்கலாம். நான் சுளிக்கவில்லை. குழாயில் தண்ணீர் வராதபோது வார்டு கவுன்சிலர் வீட்டுக்கும் போகத்தான் வேண்டும். கூட்டமாகப் போக வேண்டும், அவ்வளவே.

உங்கள் ஊர் டிவி கேம் கடையில் என்னென்ன சட்டங்கள் இருந்தன என்று எழுதி அனுப்புங்கள். அந்தக் கடைக்குள் போக அனுமதிக்கப்படாத சகோதரிகள், அந்நேரம் வேறு எங்கே, என்ன விளையாடினீர்கள், அங்கே சட்டம் யாருடையது என்று எழுதினால் அதற்கு முதலிடம். அடுத்த இதழில் நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

நாம் மட்டும் ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுப் போகக் கூடாதே என்று, இந்த இதழிலிருந்து கடைசிப் பக்கத்தில் எல்லோருடைய பெயரும் வரும் என அலுவலகக் கூட்டத்தில் அறிவித்தேன். பக்கம் வடிவமைப்பவர், மெய்ப்புத் திருத்துபவர், அச்சகத்தில் தாள் மடிப்பவர்கள், கட்டுகளை பஸ் நிலையத்தில் ஏற்றிவிடுபவர் என எல்லோரும். கைதட்டினார்கள். மெய்ப்புத் திருத்தும் அம்மா மட்டும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “பேரெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். ரெண்டு வருஷமா ஏத்தாத சம்பளத்தையும் சேர்த்துப் போட்டுட்டீங்கன்னா இன்னும் நல்லாருக்கும்” என்றார். இந்தமுறை கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது. வரும் திங்கட்கிழமை அதற்காகவே ஒரு கூட்டம் வைத்திருக்கிறோம். தலைமை வகிக்கப்போவது நான் அல்ல. அவர்.

அன்புடன்,
ஆசிரியர்